விடுமுறைக் காலத்துப் பல்லியம்

ஆண்டின் கடைப்பகுதி நம் நாட்டில் இசைக்கு உரியது. ஆயுத பூசை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கார்மழை ஓய்ந்து, ஏரிகள் நிறைந்து, பனி இறங்கும் அந்நாட்களில் சென்னைச் சபைகள்தோறும் கருநாடக இசையரங்குகள் நிகழ்கின்றன. 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. நாளடைவில் டிசம்பர் இசை மாதமாயிற்று. அவ்விசையைப் பற்றி எழுதுவார் பலர். நாம் எழுதப் புகுந்தது அதைப் பற்றியன்று. அதே நாட்களில் சபைகளுக்குப் புறத்தே, கோயில் திடலிலும், தேவாலய முற்றத்திலும், தொழிற்சாலை வாயிலிலும், தெருமுனைப் பந்தலிலும் ஒலிக்கின்ற மெல்லிசையே ஈண்டு நம் ஆராய்ச்சிக்குரியது. நகரத்தார் இதனை 'லைட் மியூசிக்' என்பர். சிற்றூரார் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றே சொல்லிவிடுவர். 'இன்று இரவு நம்மூரில் ஆர்க்கெஸ்ட்ரா' என்றால், திரைப்பாடல்களை மேடையேறிப் பாடி இசைக்கும் குழு வருகிறது என்பது பொருள்.

சிற்றூரார் வழக்கில் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா என்னும் அயற்சொல் பாடுவோரைக் குறிப்பதன்று; பல கருவிகளை ஒருங்கே இசைப்போர் கூட்டத்தைக் குறிப்பது. பெயரைக் கருவியாளர்க்குக் கொடுத்துவிட்டுக் காதைப் பாடகர்க்கே கொடுத்துவிடுகிறோம். பல்லவி முடிந்து, பாடகர் ஒலிவாங்கியைத் தாழ்த்தி, கருவிகள் தனித்து எழும் அந்த அரை நிமிடத்தில் கூட்டத்தில் என்ன நிகழ்கின்றது? பேச்சுத் தொடங்குகிறது. முறுக்குப் பொட்டலம் கைமாறுகிறது. மீண்டும் சரணம் தொடங்கியதும் அமைதி. கேட்கப்படாது கழியும் அவ்விடையிசையைக் கேட்பது எங்ஙனம், அதனால் நாம் பெறுவது யாது என்பவற்றையே இக்கட்டுரையிற் கூறுவோம்.

கருவிகள் பல கூடி ஒலிப்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்று கருதுவாரும் உளர். அது பொருந்தாது. 'பல்லியம்' என்பது நம் பழஞ்சொல். பல இயங்களின் தொகுதி என்பது பொருள். சங்கப் புலவருள் நெடும்பல்லியத்தனார் என்பார் ஒருவர். நெடும்பல்லியத்தை என்பாரும் ஒருவர். யாழையும் ஆகுளியையும் பதலையையும் கட்டி எடுத்துக்கொண்டு முதுகுடுமிப் பெருவழுதியைக் காணப் புறப்படுவோமா என்று ஒரு விறலியை அழைப்பதாக நெடும்பல்லியத்தனார் பாடல் புறநானூற்றில் உள்ளது. மலைபடுகடாத்தின் தொடக்கமோ ஒரு கருவிப் பட்டியலேயாகும். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றையெல்லாம் பைகளிலிட்டுக் கூத்தர் சுமந்து செல்லும் காட்சியைப் பலாமரத்திற் கொத்தாகக் காய்த்த காய்களுக்குப் புலவர் ஒப்பிடுகிறார். கருவிப்பைக்குக் 'கலப்பை' என்ற பெயர் அப்பாட்டில் வழங்குகிறது. உழவர் கலப்பையன்று, கலங்களை இடும் பை. மாலை மயங்கும் நேரத்தில் ஒரு வேன் வந்து நிற்க, உறையிட்ட தபேலாக்களும் கித்தாரும் முரசுத் தொகுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குவதைக் கண்டவர்க்கு அவ்வுவமையின் நயம் விளக்க வேண்டுவதில்லை.

சிலப்பதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடும்பொழுது கருவிகள் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நின்றன என்று இளங்கோவடிகள் முறைப்படுத்திக் கூறுகிறார். குழலைத் தொடர்ந்தது யாழ். யாழைத் தொடர்ந்தது தண்ணுமை. தண்ணுமையைப் பின்பற்றியது முழவு. முழவோடு கூடிநின்றது ஆமந்திரிகை. அடிகள் கருவிகளின் பெயரைமட்டும் அடுக்கவில்லை என்பதைக் கருத வேண்டும். எது முன், எது பின், எது எதனைப் பற்றுகிறது என்னும் உறவைக் கூறுகிறார். பல்லியத்தைக் கேட்கும் முறையும் அதுவே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அடிகள் கூறும் பல்லியத்தில் கருவிகள் ஒன்றன்வழி ஒன்று சென்றன. இன்றைய மெல்லிசையிலோ ஒன்றற்கொன்று எதிராகவும் செல்கின்றன. வயலின்கள் மேலேறும்பொழுது செல்லோ கீழிறங்கும். இது மேனாட்டிலிருந்து வந்த வழக்கே.

அது வந்த கதையும் சுவையுடையது. ஆங்கிலேயப் படையினரோடு பாண்டு வாத்தியம் சென்னைக் கோட்டைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் அதனைக் கேட்டார். சங்கராபரண ராகத்தோடு ஒத்துவரும் அம்மெட்டுக்களுக்கு அவர் வடமொழிச் சொற்களை அமைத்துப் பாடியவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று இன்று வழங்குகின்றன. அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்று நம் இசைக்கு உரிமையாக்கினார். தஞ்சையிலே சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்ற சரபோசி மன்னர், தம் அரண்மனையில் மேனாட்டு இசைக்குழு ஒன்றனை வைத்து வளர்த்தார். பின்னர் 1893-இல், சென்னைக் கிறிஸ்தவராகிய ஏ. எம். சின்னசாமி முதலியார், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிகளில் எழுதி அச்சிடத் தொடங்கினார். அப்பணி நீடித்து நிற்கவில்லை எனினும், தாளில் எழுதிய குறியைப் பார்த்துப் பலர் ஒருங்கே வாசிக்கும் முறைக்கு நம்மவர் ஆயத்தமானதற்கு அது சான்று. அதே 1893-இல் தோன்றிய மதராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழு இன்றும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் இசை வழங்கி வருகிறது.

நிற்க. இப்பல்லியத்தைப் பொதுமக்கள் வாயிலுக்குக் கொண்டுவந்தது திரைப்படமே. 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்தபொழுதும், அதன்பின் சில ஆண்டுகளும், நடிப்போரே பாட வேண்டும்; கருவியாளர் படப்பெட்டியின் பார்வைக்குத் தப்பி மறைந்திருந்து வாசிக்க வேண்டும். நான்கைந்து கருவிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள இடமேது? பாட்டை முன்னரே பதிவுசெய்துகொள்ளும் முறை வந்தபின்னரே கருவியாளர்க்குக் கூரையும் நாற்காலியும் கிடைத்தன. 1948-இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'சந்திரலேகா'வில், பேருருவ முரசுகளின்மேல் ஆடும் கூத்து ஒன்று வருகிறது. முரசுகளுக்குள்ளே போர்வீரர் ஒளிந்திருக்கின்றனர். அக்காட்சியிற் கதையைச் சொல்வது சொல்லன்று, முரசொலியே. தமிழ்த்திரையிற் பல்லியம் தன் காலில் நின்ற பொழுதுகளுள் அதுவொன்று எனலாம்.

மெல்லிசை என்ற பெயரை நாடறியச் செய்தவர் ம. சு. விசுவநாதனும் தி. கி. இராமமூர்த்தியும். 1952 முதல் 1965 வரை இருவரும் இணைந்து இசையமைத்தனர்; 'மெல்லிசை மன்னர்கள்' என்றே அழைக்கப்பெற்றனர். இராமமூர்த்தி வயலின் வித்தகர். விசுவநாதன் ஆர்மோனியத்தில் மெட்டுக்கள் சுரக்கும் ஊற்று. இராகத்தின் நிழல் தெரியும். ஆயின் இராக விரிவு இராது. அக்கார்டியன், பாங்கோ, கிளாரினெட், பியானோ ஆகியவை வயலின் கூட்டத்தோடும் தபேலாவோடும் ஓரவையில் அமர்ந்தன. 1964-இல் வெளிவந்த 'புதிய பறவை'யில் கதைத்தலைவன் நிம்மதியைத் தேடிப் புலம்பும் பாடலை எல்லோரும் அறிவர். கண்ணதாசன் அதற்கு எழுதிய பல்லவியின் சொற்கள் மிகச் சில. அவ்வுள்ளத்தின் புயலை நாம் அறிவது எதனால்? அலையலையாய் எழுந்து மோதும் வயலின்களாலும், சொல்லற்று ஒலிக்கும் குழுக்குரல்களாலும். அவற்றை நீக்கிவிட்டுப் பாட்டைமட்டும் வாயாற் பாடிப் பாருங்கள். பாதிப் பொருள் போய்விடும்.

இவ்விசையை அரசாங்கம் ஒருகாலத்தில் விரும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாதபடி செய்தார். மக்கள் என் செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினர். கொழும்பு நிலையம் நம் பாடல்களை நமக்கே திருப்பி அனுப்பியது. 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கியபின்னரே இப்பிணக்குத் தீர்ந்தது. இதில் நமக்கு நகைப்பைத் தருவது ஒன்றுண்டு. அதே 1952-ஆம் ஆண்டிலேதான் அவ்வானொலி 'வாத்ய விருந்தா' என்ற பெயரில் தனக்கென ஒரு தேசிய இசைக்குழுவை நிறுவியது. வடக்கே இரவிசங்கரும் தெற்கத்தி இசைக்கு டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினர். விருந்தம் என்றால் கூட்டம். பல்லியம் என்பதன் வடமொழி உருவே அது. வாயில் வழியே விரட்டிய விருந்தினனைச் சாளரத்தின் வழியே அழைத்துக்கொண்டார்கள் போலும்!

இனிக் கேட்கும் முறைக்கு வருவோம். திரைப்பாடல் ஒன்றில் பொதுவாகத் தொடக்க இசை, பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் இடையிசை, மீண்டும் சரணம் என்ற உறுப்புக்கள் உண்டு. இலக்கணம் பயிலும் நம்மனோர் இதனைச் செய்யுளுறுப்புப் போலக் கொள்ளலாம். சரணங்கள் இரண்டும் ஒரே மெட்டில் அமையும். ஆனால் இடையிசைகள் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராசாவின் பாடல்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். முதல் இடையிசையில் குழல் பேசினால், இரண்டாவதில் வயலின் கூட்டம் விடை கூறும். இரண்டையும் ஒன்றெனக் கேட்டுக் கழிப்பவர், வெண்பாவின் தனிச்சொல்லைப் படிக்காமல் தாண்டுபவரை ஒப்பர்.

ஒரே பாடலை மும்முறை கேட்பது நாம் கண்ட எளிய வழி. முதன்முறை வழக்கம்போலக் கேளுங்கள்; சொல்லின்பத்தை மறுக்க வேண்டா. இரண்டாம் முறை பாடகரை அடியோடு மறந்து, மிகத் தாழ்ந்து ஒலிக்கும் பேஸ் கித்தாரைமட்டும் பின்தொடருங்கள். முதலிற் சிறிது கடினமாகவே இருக்கும். அக்கருவி தாளத்தைக் காப்பது ஒன்றே தொழிலாகத் தோன்றும். சிறிதுநேரம் சென்றபின் அது தனியே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருப்பது புலனாகும். பாடகர் ஓரிடத்தில் நீட்டி நிற்கும்பொழுது அது நடக்கும். அவர் ஓடும்பொழுது அது நிற்கும். மூன்றாம் முறை, சரணம் பாடப்படும்பொழுது குரலுக்குப் பின்னே வயலின்கள் என் செய்கின்றன என்று நோக்குங்கள். அவை பாடகரின் மெட்டைத் திருப்பிச் சொல்வதில்லை. வேறொரு மெட்டால் அதற்கு மறுமொழி சொல்கின்றன. இதனை எதிரிசை என்று நாம் பெயரிட்டுக்கொண்டோம். அரங்கேற்று காதையின் வழிநிற்றலும் இவ்வெதிர்நிற்றலும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருவதைக் கண்டுகொண்டவர்க்கு, இருபதாண்டு கேட்டுப் பழகிய பாட்டும் புதிய பாட்டாகும்.

சொல்லே இல்லாத மெல்லிசையைக் கேட்டுப் பழகுதலும் நன்று. இளையராசா 1986-இல் 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுதியையும், 1988-இல் அரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' என்ற தொகுதியையும் வெளியிட்டார். முன்னதன் பெயர், இதற்கு என்ன பெயரிடுவது என்னும் வினாவேயாகும். கருநாடகம் என்றால் வயலின்கள் எதிரெதிராக நடக்கின்றன. மேனாட்டிசை என்றால் தியாகராசர் வாடை வீசுகிறது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முதன்மை பெற்றது. 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் இளையராசாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை இசைத்தனர். பண்ணைப்புரத்துக்காரர் தாளில் எழுதியதை இலண்டனார் பார்த்து வாசித்தனர். கோட்டைப் பாண்டைக் கேட்டுத் தீட்சிதர் பாடியதற்கு நேர்மாறு.

கிறிஸ்துமஸ் காலத்துக்கென்றே உரிய அயல்நாட்டு மெல்லிசை ஒன்றையும் கூறிச் செல்வோம். லிராய் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கர் இயற்றிய 'ஸ்லே ரைட்' பனிமேற் சறுக்கிச் செல்லும் குதிரை வண்டியைப் பற்றியது. 1946-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக் கொடுவெயிலில் அவர் அதனை எழுதத் தொடங்கினார். 1948-இல் பாஸ்டன் பாப்ஸ் குழுவினர் அரங்கேற்றினர். சொற்கள் 1950-இல் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. மரக்கட்டைகள் குளம்பொலி தருகின்றன. நடுவே சாட்டை சொடுக்குகிறது. முடிவில் ஊதுகொம்பு குதிரையாகவே கனைக்கிறது. பனியைப் படத்தில்மட்டும் கண்ட நமக்கு அது ஏன் இனிக்கிறது என்று கேட்பார்க்கு, எழுதியவரே வியர்த்துக்கொண்டுதான் எழுதினார் என்பது போதிய விடை. தேங்காய் ஓட்டைத் தட்டி வண்டிமாட்டின் நடையைக் காட்டிய நம் திரையிசையார்க்கு இவ்வித்தை புதிதும் அன்று. வியன்னா நகரத்துப் புத்தாண்டு இசையரங்கோ வேறொரு பாடம் கற்பிக்கிறது. முடிவில் முதலாம் யோகான் ஸ்ட்ராசின் 'ராடெட்ஸ்கி' நடையிசை வாசிக்கப்படும்பொழுது கூடியிருப்போர் கைதட்டுவர். இசை நடத்துநர் குழுவைவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி, இங்கே மெல்ல, இங்கே உரக்க என்று கையாற் காட்டுவார். அவர்களும் அவ்வாறே தட்டுவர். நம் பந்தலில் சீழ்க்கை ஒலிக்கு நடத்துநர் எவரும் இலர்!

இவ்விசையை விரும்புதல் தகுமோ என்று ஐயுறும் பெரியோரும் நம்மிடையே உளர். கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்குச் சினிமா மெட்டா என்று வருந்துவர். அவர்கள் வருத்தத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. காதல் பாட்டின் மெட்டில் சொல்லைமட்டும் மாற்றிப் பாடும்பொழுது பழைய சொல்லே நினைவில் எழும் என்பது உண்மை. ஆயின் மெட்டைக் கடன் வாங்குவது வேறு, பல்லியம் அமைக்கும் முறையைக் கற்பது வேறு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அரசவைகளிலும் கோயில்களிலும் மக்கள் சுவைத்த குறவஞ்சி வடிவத்தை எடுத்து, 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். தம் காலத்து மக்கட்கலையை அவர் தீண்டாது ஒதுக்கியிருப்பாராயின் நம் சபைகளுக்கு எவ்வளவு இழப்பு!

தமிழ் மாணவராகிய நமக்கு உள்ளத்தை உறுத்தும் வினா வேறொன்று. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் முதலாயினார் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டினர். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ச்சொல் ஒலிக்க வேண்டும் என்று அத்துணை பாடுபட்டிருக்க, சொல்லற்ற இடத்தைக் கேளுங்கள் என்று தமிழ் பயிலும் நாமே கூறலாமா? இவ்வினாவுக்கு நூலிற் கிடைக்காத விடை தண்டலத்தில் நமக்குக் கிடைத்தது.

தண்டலம், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் உள்ள ஊர். சோலைக்குத் 'தண்டலை' என்று பெயர் வழங்கிய பழம்புலவரை ஊர்ப்பெயர் நினைவூட்டுகிறது. இன்றோ சோலையினும் ஆலையே மிகுதி. அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பிறவும் உருவாகின்றன. தொழிலாளரை ஏற்றிக்கொண்டு முறைக்கு முறை பேருந்துகள் ஓடுகின்றன. ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த இளைஞர் ஓர் அறைக்குப் பலராய்த் தங்கி வேலை செய்கின்றனர். ஆயுத பூசையன்று எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூசணிக்காய் உடைத்தபின், மாலையில் மெல்லிசை நடைபெறும். டிசம்பரில் வீடுகளில் தாள் நட்சத்திரங்கள் தொங்கும், கீதபவனி வரும், அதற்கும் ஒரு மேடை எழும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத்தகைய பந்தலொன்றில் நாம் நின்றிருந்தோம். பின்வரிசையில் ஒடியா பேசும் இளைஞர் மூவர் அமர்ந்திருந்தனர். பல்லவி பாடப்பட்டபொழுது மேடையை வெறுமனே பார்த்திருந்தனர். முன்வரிசையார் வரிவரியாய்க் கூடவே பாடினர். இடையிசை தொடங்கிற்று. முன்வரிசையார் திரும்பிப் பேச்சிலாழ்ந்தனர். அப்பொழுது அம்மூவருள் ஒருவர் நிமிர்ந்து அமர்ந்து, நெகிழி நாற்காலியின் கையில் விரல்களாற் டோலக்கின் நடையை ஒன்றும் பிசகாமல் தட்டினார். மற்றொருவர் குழலின் போக்கை வாய்க்குள் முனகினார். சரணம் வந்ததும் அவர்கள் நின்றுவிட்டனர், மற்றவர் தொடங்கினர். ஒரே பந்தலில் இரண்டு அவைகள் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தன! தமிழ்ச்சொல் நம்முடைய உரிமை. அதனை ஒருபொழுதும் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆயின் நம்மோடு தோளொட்டி உழைக்கும் அயலார்க்கு நம் பாட்டில் திறந்திருக்கும் வாயில் இடையிசை ஒன்றே. அவ்வாயிலில் நின்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவ்வாயிலுக்கு இப்பொழுது வேறோர் இடரும் நேர்ந்துள்ளது. சென்னைப் பதிவகங்களில் ஒருகாலத்தில் பல வரிசைகளில் அமர்ந்து வாசித்த வயலின்காரர்க்கு இன்று அவ்வளவு வேலை இல்லை. விசைப்பலகையும் கணிப்பொறியும் அவ்வொலிகளைத் தந்துவிடுகின்றன. மேடைக்குழுக்களில் இது இன்னும் வெளிப்படை. முன்னர்ப் பதினைவர் ஏறிய மேடையில் இன்று ஐவர் அறுவர் ஏறுகின்றனர். சிலவிடங்களில் கருவியாளர் எவருமே வருவதில்லை. பதிவுசெய்த இசையைப் பெட்டியிலிருந்து ஒலிக்கவிட்டு, பாடகர்மட்டும் அதன்மேற் பாடிவிட்டு இறங்குகிறார். விழாக்குழுவினரைக் கேட்டால், 'செலவு குறைவு. கேட்பவர்க்கு வேற்றுமை தெரியவா போகிறது?' என்பர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கேட்பவர் இடையிசையைக் கேட்டிருந்தாலன்றோ வேற்றுமை தெரியும்! கருவியாளர் கூலியைக் காப்பது கேட்போர் செவியே.

வேற்றுமை உண்டா எனின், உண்டு. பெட்டியிலுள்ள இசை பாடகருக்காகக் காத்திராது. பாடகர் மூச்சு வாங்க ஒருகணம் தாழ்த்தால், உயிருள்ள தபேலாக்காரர் தாமும் ஒருகணம் தாழ்த்து அவரை ஏந்திக்கொள்வார். பாட்டுப் பிடித்துப்போய்க் கூட்டம் ஆரவாரிக்குமானால் இடையிசையை மறுமுறை வாசிப்பார்கள். ஒரு நரம்பு அறுந்தால் மற்றவர் அவ்விடத்தை நிரப்புவர். இவையாவும் கண்ணெதிரே நிகழும். காண்பதே ஓர் இன்பம். ஒலியின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்வோம். நான்கு பக்கமும் அடுக்கிய ஒலிபெருக்கிகளை உச்சத்தில் வைத்தால் கேட்பது முரசும் பேஸும் கலந்த இடியோசை. குழல் அதில் மூழ்கிவிடும். பகலில் உறங்கி இரவில் ஆலைக்குச் செல்வோர் பலர் வாழும் ஊர் தண்டலம். இரவு 10 மணிக்குமேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. மாலை 6 மணிக்குத் தொடங்கி, ஒலியைப் பாதியாகக் குறைத்து நடத்தினால், உறங்குவோரும் வாழ்த்துவர். எதிரிசையும் செவிக்கு எட்டும்.

முன்னே நெடும்பல்லியத்தனார் பெயரைக் குறிப்பிட்டோம். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாதோ. அவர் கூட்டத்தின் பல்லியமே அவர் பெயராய் நின்றுவிட்டது. திரைப்பாடற் புத்தகங்களைப் புரட்டினால் பாடியவர் பெயரும், எழுதியவர் பெயரும், இசையமைத்தவர் பெயரும் காணலாம். குழலூதியவர் பெயர் பெரும்பாலும் இராது. வரும் விடுமுறையில் நம் ஊர்த் திடலுக்கு ஒரு குழு வருமாயின், விழாக்குழுவிலுள்ள இளைஞர் இதைமட்டும் செய்யலாம்: முதற்பாட்டுக்கு முன்னரே விசைப்பலகைக்காரர், தபேலாக்காரர், கித்தார்க்காரர், குழலூதுபவர் ஒவ்வொருவரிடமும் சென்று பெயரைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இடையிசை முடிந்து கைதட்டல் எழும்பொழுது, அதனை வாசித்தவர் பெயரை ஒலிவாங்கியில் உரக்கச் சொல்லுங்கள்.